புரி நீக்கிய துவக்கு: ஓர் ஏகாதிபத்தியச் சான்று

வரலாற்றுச் சான்று என்றதும் நமது மாணவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க அறிக்கையையும் நினைக்கின்றனர். அவை யாவும் எழுத்துச் சான்றுகள். எழுதும் வாய்ப்பு நெடுங்காலம் ஆளும் வர்க்கத்தாரிடமே இருந்தமையால், அவற்றில் ஆளுவோர் தம்மைப் பற்றி உலகம் எதை நம்ப வேண்டுமென விரும்பினரோ அதுவே பெரிதும் பதிவாகியுள்ளது. ஆனால் அவர்கள் பறைசாற்ற விரும்பாத எண்ணங்களும் இருந்தன. அச்சம், ஐயம், அவநம்பிக்கை என்பன அவை. அறிக்கைகளில் மென்மையான சொற்களுக்குள் அவற்றை மறைத்துவிடலாம். அன்றாடம் பயன்படுத்திய கருவிகளில் மறைப்பது அத்துணை எளிதன்று. அத்தகைய கருவியொன்றை எடுத்து, அதை எவ்வாறு இனங்காண்பது, அதன் பெறுமதியை எவ்வாறு கணிப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கருவி, வங்காளத்தின் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 'நானூற்றுப் பத்து மஸ்கெட்' என்னும் துவக்கு. பழைய ஆயுதங்களைச் சேகரிப்போர் இதனை ஒரு குறைப்பட்ட பொருளாகவே கருதுவர். வரலாற்று மாணவனுக்கோ அக்குறைபாடே செய்தியாகும்.

இனங்காணும் முறை

முதற் பார்வையில் இது உலகறிந்த லீ-என்பீல்ட் துவக்கேயாகும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த தாழும் தோட்டாப் பெட்டியும், லண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் அரச தொழிற்சாலையின் குழலும் இணைந்து பிறந்தது அத்துவக்கு. அதன் குறுகிய வடிவம் 1903இல் ஏற்கப்பட்டது. மூன்றாம் மாதிரி எனப்படும் திருத்தம் 1907இல் வந்தது. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம். பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் அடங்கும். பின்புறக் குறிபார்க்கும் தகட்டில் 2000 யார் வரை அளவிடப்பட்டிருக்கும். இரு உலகப் போர்களிலும் பிரித்தானியப் பேரரசின் படைகள் தோளிற் சுமந்தது பெரிதும் இத்துவக்கையே.

இனி உற்று நோக்குவோம். தோள்கட்டை வந்து பொருந்தும் இரும்புப் பகுதியின் வலப்புறத்தில் முத்திரை இருக்கும். முடியின் கீழ் 'ஜி. ஆர். ஐ.' என்னும் எழுத்துகள், இஷாப்பூர் என்னும் பெயர், ஆண்டு ஆகியன அதில் அடங்கும். அவ்வெழுத்துகள் 'ஜோர்ஜ், மன்னரும் சக்கரவர்த்தியும்' எனப் பொருள்தரும் இலத்தீன் தொடரின் சுருக்கம். இங்கிலாந்தில் அவர் மன்னர்; இந்தியாவிலேதான் சக்கரவர்த்தி. எனவே கடைசி எழுத்தாகிய 'ஐ', இத்துவக்கு எந்த நாட்டில், எத்தகைய ஆட்சியின் கீழ்ச் செய்யப்பட்டது என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றது.

அடுத்துத் தாழைப் பின்னிழுத்து உள்ளே நோக்க வேண்டும். சாதாரண லீ-என்பீல்டில் அவ்விடத்தில் தோட்டாப் பெட்டியின் வாய் திறந்திருக்கும். இதிலோ ஒரு மரக்கட்டை செருகப்பட்டு அவ்வாய் அடைக்கப்பட்டிருக்கும். பத்துத் தோட்டாக்களை ஏற்ற துவக்கு இங்கே ஒன்றையே ஏற்கும். ஒருமுறை சுட்டபின் தாழைத் திறந்து, வெற்றுக் கூட்டை அகற்றி, இன்னொரு தோட்டாவைக் கையால் வைத்தே மீண்டும் சுடலாம்.

மூன்றாவது சோதனை குழலைப் பற்றியது. தாழைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலின் ஊடாகப் பார்த்தால், லீ-என்பீல்டில் இடப்பக்கமாகச் சுழன்று செல்லும் ஐந்து புரிகள் தெரியும். சன்னத்தைப் பம்பரம் போலச் சுழற்றி நேராகச் செலுத்துவன அப்புரிகளே. புரிகுழல் துவக்கை 'ரைபிள்' என்பதும் அவற்றை வைத்தே. நமது மஸ்கெட்டிலே புரி இல்லை. உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். உள்விட்டமும் 0.410 அங்குலமாக விரிந்திருக்கும். பழைய குழலைக் குடைந்தோ, புரியற்ற குழலைப் பொருத்தியோ இம்மாற்றம் செய்யப்பட்டது. அளவைக் குறிக்கும் 410 என்னும் எண்ணைப் பெரும்பாலும் இரும்பின்மேல் வெட்டியிருப்பர்.

இதற்கென்றே தனித் தோட்டாவும் வகுக்கப்பட்டது. 303 தோட்டாவின் கூடு நுனியிலே கழுத்துப் போல ஒடுங்கியிருக்கும். மஸ்கெட்டின் கூட்டிலே அக்கழுத்து இல்லை. ஒரே நேர்க்குழாயாக அது நின்றுவிடும். ஒற்றைக் குண்டையோ பல சிறு ரவைகளையோ அதில் அடைத்தனர். பறவை வேட்டைக்கு உலகெங்கும் விற்கப்படும் 410 தோட்டாவும் இதுவும் ஒன்றல்ல. அரசாங்கக் களஞ்சியத்துக்கு வெளியே இத்தோட்டா எளிதிற் கிடைப்பதன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய துவக்கொன்றிற் காணப்படும் மாற்றங்கள் யாவும் ஒரே கையால் ஆனவையல்ல. முன்மரத்தைச் சுற்றி உலோகக் கம்பி இறுகச் சுற்றப்பட்டிருந்தால், அது கைக்குண்டு எறிவதற்காக வலுப்படுத்தப்பட்ட துவக்காதல் கூடும். 'டி. பி.' என்னும் எழுத்துகள் இருந்தால், அது சுடுவதற்கு உதவாது, அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது எனக் கொள்ளலாம். குழல் குறுக்கப்பட்டு வாயில் கூம்பொன்று பொருத்தப்பட்டிருந்தால், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் வந்த 'காட்டுத் துவக்கு' என நம்பி ஏமாறுவோர் உளர். உண்மையான காட்டுத் துவக்கில் எடையைக் குறைப்பதற்காக உடலிரும்பிலேயே குடைவுகள் இருக்கும். வணிகர் பிற்காலத்தில் வெட்டிச் செய்த போலியில் அவை இரா. தாழ், உடல், முன்மூக்கு என்பவற்றில் வெட்டப்பட்ட இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். அரசு செய்த மாற்றம் எது, வணிகன் செய்த மாற்றம் எது எனப் பிரித்தறிந்த பின்னரே நாம் கேட்கவேண்டிய வினாவுக்கு வரலாம். பத்து முறை சுடும் நல்ல துவக்கொன்றை, தன் சொந்தத் தொழிற்சாலையிலேயே, ஒரு முறை மட்டும் சுடும் துவக்காகக் குறைத்தவர் ஏன் அவ்வாறு செய்தனர்?

1857உம் அதன் பின்னும்

விடையைத் தேடி இஷாப்பூரிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சில மைல் தொலைவிலேதான் பரக்பூர் இருக்கின்றது. 1857 மார்ச் 29ஆம் திகதி அங்கேதான் மங்கள் பாண்டே என்னும் சிப்பாய் தன் அதிகாரிகளுக்கு எதிராக ஆயுதம் தூக்கினான். ஏப்பிரில் 8ஆம் திகதி அவனைத் தூக்கிலிட்டனர். மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படையினர் விலங்கிடப்பட்டனர். அதற்கு மறுநாள், மே 10ஆம் திகதி, அவர்களது தோழர்கள் கிளர்ந்தெழுந்தனர்.

அத்தோட்டா, 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் புரிகுழல் துவக்குக்குரியது. அதன் கடதாசி உறையிற் பூசிய கொழுப்புப் பற்றிய கதையைப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. துவக்கைப் பற்றியோ அவை அதிகம் கூறுவதில்லை. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய பயிற்சி நிலையங்களில் மட்டுமே புதிய துவக்கைச் சிப்பாய்களுக்குப் பழக்கத் தொடங்கியிருந்தனர். கிளர்ந்தெழுந்தோரிற் பெரும்பாலோர் ஏந்தியது பழைய, புரியற்ற மஸ்கெட்டையே. ஏறத்தாழ 100 யாருக்கு அப்பால் அதனாற் குறிதவறாது சுடுதல் அரிது. அவர்களை எதிர்த்து வந்த பிரித்தானியப் படையினர் பலரது கையிலே புரிகுழல் இருந்தது. பல நூறு யார் தொலைவிலிருந்தே அதனாற் கொல்ல முடிந்தது. அப்போரின் முடிவுக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

பிரித்தானிய ஆட்சி இந்தியாவிலே தனக்கெனக் கட்டியெழுப்பிய சுதேசப் படையே, இந்திய மக்களுக்கு முதன்முதல் வாய்த்த பொதுவான எதிர்ப்பு மையமாகவும் ஆயிற்று என அவ்வாண்டிலேயே கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அவர் கண்ட முரண்பாட்டை ஆட்சியாளரும் தம் வழியிற் கண்டுகொண்டனர். சிப்பாய் இன்றேல் இந்தியாவை ஆள முடியாது. சிப்பாயின் கையில் நல்ல துவக்கு இருந்தாலோ நிம்மதியாக உறங்க முடியாது. இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வுகள் மூன்று.

முதலாவது, எண்ணிக்கை. 1857க்கு முன் ஓர் ஐரோப்பியப் போர்வீரனுக்கு ஐந்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். 1859இல் பீல் ஆணைக்குழுவின் விதந்துரைகளை அடுத்து, வங்காளப் படையில் ஒருவருக்கு இருவர், சென்னை, பம்பாய்ப் படைகளில் ஒருவருக்கு மூவர் என்னும் விகிதம் இலக்காயிற்று. இரண்டாவது, பீரங்கி. மலைப் பீரங்கி அணிகள் சில நீங்கலாகப் பீரங்கிப் படை முழுவதும் ஐரோப்பியர் கைக்கு மாறியது.

மூன்றாவது தீர்வே நமது பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. 1858இல் இந்தியச் சிப்பாய்க்கென ஒரு தனி மஸ்கெட் வகுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்பீல்ட் புரிகுழலேதான். ஆனால் உள்ளேயிருந்த புரிகளைக் குடைந்தெடுத்து, 0.577 அங்குலமாயிருந்த உள்விட்டத்தை 0.656 ஆக்கினர். தொலைவுக்கேற்ப உயர்த்தும் குறித்தகட்டை நீக்கி, அசையாத ஒன்றைப் பொருத்தினர். குடைந்ததனாற் குழலின் சுவர் மெலிந்து, முனைக்கத்தியை மாட்டும்போதே வளையவும் புடைக்கவும் தலைப்பட்டது. அதனால் அடுத்த ஆண்டிலே தடித்த குழலுடன் இன்னொரு மாதிரியைச் செய்ய நேர்ந்தது. செலவையும் உழைப்பையும் கூட்டி, நல்ல கருவியை வேண்டுமென்றே தாழ்த்தும் இச்செயலுக்கு வாணிகக் கணக்கு எதுவும் நியாயம் கூறாது. அச்சத்தின் கணக்கு மட்டுமே கூறும்.

அதன் பின் ஒரு வழமை நிலைபெற்றது. பிரித்தானியப் போர்வீரனுக்குப் புதிய துவக்கு வரும்போது, அவன் கைவிட்ட பழையது இந்தியச் சிப்பாய்க்கு வரும். எப்போதும் ஒரு தலைமுறை பின்னே நிற்பதே அவனுக்கு விதிக்கப்பட்டது. இவ்விதி தளர்ந்தது ஏகாதிபத்தியத்துக்கு அவனது உயிர் தேவைப்பட்ட போதுதான். 1914இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினர், கொண்டுவந்த துவக்குகளை ஒப்படைத்துவிட்டுப் புதியவற்றைப் பெற்றே போர்முனைக்குச் சென்றனர்.

படையிலே இவ்வாறாயின், மக்களிடையே நிலைமை எவ்வாறிருந்தது? 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் அனுமதிப் பத்திரமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று; ஐரோப்பியருக்கோ விலக்களிக்கப்பட்டது. 1887இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தை மாற்றுமாறு கோரியது. மிதவாதிகளின் சபையாகிய அதற்கே இது மானக்கேடாகத் தோன்றிற்றெனின், ஏனையோர் உணர்ந்தது எதுவென நாம் ஊகிக்கலாம்.

நமது நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. 1915இல் இலங்கையிற் கலவரம் மூண்டபோது பிரித்தானியர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தனர். அதனை நடத்துவதற்குப் பஞ்சாப் படையினரைப் பயன்படுத்தினர். முறையான விசாரணையின்றியே பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்வேர்ட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் யூலை 7ஆம் திகதி மரண தண்டனைக்கு ஆளானார். மறு ஆண்டிலேயே இங்கும் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. ஓர் அடிமை நாட்டான் கையிலே துவக்கைக் கொடுத்து இன்னோர் அடிமை நாட்டானைச் சுடுவிப்பதும், அது முடிந்தபின் இருவரது கையிலும் துவக்கு இல்லாதவாறு பார்த்துக்கொள்வதும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களேயாம்.

மரக்கட்டையின் பொருள்

இப்பின்னணியிலே நமது மஸ்கெட்டுக்குத் திரும்புவோம். பிரித்தானிய ஆட்சியின் பிற்காலத்தில் சிறைக் காவலர், பொலிஸார், களஞ்சியக் காவலர் ஆகியோருக்கே இதனை வழங்கினர். அவர்கள் யாவரும் சம்பளம் குறைந்த ஏழை இந்தியர்; காவல் செய்தது வேறு இந்தியரை. நாளை ஒரு கலகம் மூண்டால் இக்காவலன் எப்பக்கம் நிற்பான் என்பது ஆட்சியாளருக்குத் தெரியாது. அவன் மக்களோடு சேர்ந்தாலும், மக்கள் அவனிடமிருந்து துவக்கைப் பறித்தாலும், அது தொலைவிற் சுட முடியாததாக, ஒரு முறைக்கு மேல் விரைந்து சுட முடியாததாக, தோட்டா கிடைக்காததாக இருத்தல் வேண்டும். 1858இன் குடைவும் இக்குடைவும் ஒரே சிந்தனையின் பிள்ளைகள்.

இதற்கு மறுப்பொன்று கூறப்படுவதுண்டு. 303 சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று கொல்லவல்லது. நெருங்கிய கூட்டத்திலே ஒருவரை ஊடுருவி அடுத்தவரையும் வீழ்த்தும். நகரத் தெருவிற் காவல் செய்வோனுக்கு வலுக்குறைந்த துவக்கைக் கொடுப்பதே மனிதத் தன்மை அல்லவா என்பர். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்தலாகாது. நெருக்கமான சிறைச்சாலை முற்றத்திலே இதன் ரவை 303 சன்னத்திலும் குறைந்த அழிவையே செய்யும் என்பது மெய்யே. ஆயினும் இரு செய்திகளை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். 1858இலே புரியை இழந்தது போர்க்களத்துக்குச் செல்லும் படையின் துவக்கு. அங்கே எதிரியின் மேற் கருணை கொண்டு புரியை நீக்கினர் என எவரும் கூறார். அன்றியும், மக்கள் கூட்டத்தின் மேற் சுடுவதற்கு இவ்வாட்சி 303 துவக்கைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை. 1919 ஏப்பிரில் 13ஆம் திகதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கிலே, ஜெனரல் டயரின் ஆணைப்படி 50 துவக்குகள் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் 1650 தோட்டாக்களைச் சுட்டன. அரசாங்கக் கணக்கின்படியே இறந்தோர் 379 பேர். அன்று அவர்களைத் தடுத்து நிறுத்தாத கருணையை மஸ்கெட்டின் மரக்கட்டையிலே தேடுவது பொருந்தாது.

ஆளுவோரின் அவநம்பிக்கை இனத்தோடு மட்டும் நின்றதன்று என்பதையும் இதே துவக்குக் குடும்பம் காட்டுகின்றது. முற்கால லீ-என்பீல்டுகளிலே தோட்டாப் பெட்டியின் மேல் ஓர் இரும்புத் தகடு உண்டு. அதனை உள்ளே தள்ளினால் பெட்டி மூடிக்கொள்ளும். போர்வீரன் ஒவ்வொன்றாகவே தோட்டாவை இட்டுச் சுட வேண்டும். சாதாரணப் போர்வீரன் நிதானமின்றித் தோட்டாவை வீணாக்கிவிடுவான் என்னும் எண்ணத்திற் பிறந்தது அத்தகடு. அப்போர்வீரனோ இங்கிலாந்தின் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போரின் நடுவே உற்பத்தியை விரைவுபடுத்த வேண்டி வந்தபோது, தகடு தேவையற்றதெனக் கைவிடப்பட்டது. தன் நாட்டு உழைப்பாளிக்கு நகர்த்தக்கூடிய இரும்புத் தகடு. குடியேற்ற நாட்டு உழைப்பாளிக்கு நகர்த்த முடியாத மரக்கட்டை. இரண்டையும் அருகருகே வைத்து மாணவனுக்குக் காட்டினால், வர்க்கம், இனம் என்னும் இரு சொற்களையும் விளக்குவதற்கு நீண்ட விரிவுரை வேண்டியதில்லை.

எதிர்த்திசையிற் சென்ற கைகளையும் நாம் மறத்தலாகாது. பேஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடைப்பட்ட மலைப்பாதையிலே, தர்ரா ஆதம்கேல் என்னும் ஊரிலே, அப்ரீதிக் கொல்லர்கள் கையரத்தைக் கொண்டே மார்ட்டினி-ஹென்றித் துவக்கையும் லீ-என்பீல்டையும் படியெடுத்தனர். அவர்கள் செய்தவற்றை இனங்காண்பது எளிது. முத்திரை எழுத்துகள் கோணலாக இருக்கும். சில தலைமாறி நிற்கும். விக்ரோறியா மகாராணியின் 'வி. ஆர்.' முத்திரையின் கீழே, அவர் இறந்த 1901க்குப் பிற்பட்ட ஆண்டும் காணப்படும். குறுகிய லீ-என்பீல்ட் 1903இலேயே பிறந்தது. எனவே அதிலே அம்மகாராணியின் முத்திரை இருப்பின், அது மலைநாட்டுக் கொல்லன் இட்டதெனத் துணியலாம். சேகரிப்போர் இப்பிழைகளைக் கண்டு நகைப்பர். எழுத்தறியாத கொல்லன் ஒருவன், பேரரசு தனக்கு மறுத்த கருவியை அதன் முத்திரையோடும் சேர்த்துத் தானே செய்துகொண்டான் என்பதையே நாம் அங்கே காண்கின்றோம். தொழிற்சாலை புரியை அழித்துக்கொண்டிருந்த அதே துணைக்கண்டத்திலே அவன் புரியை வெட்டிக்கொண்டிருந்தான்.

பெறுமதி யாது?

சந்தையிற் பழந்துவக்கின் விலையை நிர்ணயிப்பன அதன் இலக்கங்களின் பொருத்தம், மரத்தின் செம்மை, மாற்றமுறாத தன்மை என்பன. மேல்நாடுகளுக்கு விற்கப்பட்ட நானூற்றுப் பத்து மஸ்கெட்டுகள் பலவற்றிலே, வேட்டைத் தோட்டா செல்லும்படி தோட்டா அறையை மீண்டும் குடைந்துள்ளனர். மாற்றத்தின் மேல் மாற்றமாதலின் சேகரிப்போரிடம் அதன் மதிப்பு இன்னும் தாழ்கின்றது. வணிக நோக்கில் இது சரியான மதிப்பீடே. ஆனால் மாற்றமுறாத துவக்கு, அது எப்போது எங்கே செய்யப்பட்டது என்பதைத்தான் கூறும். மாற்றமுற்றதோ, யார் யாருக்கு அஞ்சினர் என்பதையும் கூறும். நூதனசாலையில் இதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, வகையையும் ஆண்டையும் மட்டும் எழுதிவிடுவது, சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு வாயைக் கட்டுவதற்கொப்பாகும்.

சாட்சியின் கடைசிப் பகுதி நமக்குக் கசப்பானது. 1947க்குப் பின் இஷாப்பூர்த் துவக்குகளின் மேல் முடி மறைந்தது. அசோகத் தூணின் சிங்கங்களும் 'ஆர். எவ். ஐ.' என்னும் எழுத்துகளும் வந்தன. 1962இன் எல்லைப் போரை அடுத்து அதே தொழிற்சாலை, வலுக்கூட்டிய உருக்கைக் கொண்டு 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கேற்ப லீ-என்பீல்டைத் திருத்தியமைத்தது. தன் தேவைக்காகத் தன் கருவியை உயர்த்திக்கொண்ட சுதந்திர நாட்டின் மாற்றம் அது. ஆனால் மரக்கட்டை செருகிய மஸ்கெட்டும் பொலிஸாரின் கையை விட்டு நீங்கவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் அது பயன்பட்டது. உத்தரப் பிரதேசப் பொலிஸார் 303 துவக்குக்கு விடைகொடுத்ததே 2020 ஜனவரியிலேதான். முத்திரை மாறிய வேகத்தில், காவலனையும் மக்களையும் பற்றிய பழைய ஐயம் மாறவில்லை.

வரலாறு கற்பிப்போருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயிற்சி எளியது. ஒரு பழம்பொருளைக் காணும்போது, 'இதைச் செய்தவர் யார், எப்போது?' என்பதோடு நின்றுவிடலாகாது. 'செய்தபின் இதனை மாற்றியவர் யார்? அம்மாற்றத்தால் எவரது கை வலுவடைந்தது, எவரது கை வலுவிழந்தது?' என்றும் மாணவன் கேட்கப் பழக வேண்டும். இவ்வினாக்கள் துவக்குக்கு மட்டும் உரியனவல்ல. சட்டத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் வாக்குரிமைக்கும் பொருந்துவன. வெளித்தோற்றம் முழுமையாயிருக்க, உள்ளேயிருக்கும் புரியை மட்டும் குடைந்தெடுத்துக் கொடுக்கும் வித்தையை ஆளும் வர்க்கங்கள் இரும்பிலே மட்டும் செய்து பார்த்ததில்லை.